ஒத்தப் பக்கமா சாஞ்சு மிதந்த ஆமைக்குட்டி

முதல்ல சட்ட விஷயத்தைச் சொல்லிடுறேன், ஏன்னா இது தெரியாம ஆமைக்கு உடம்பு சரியில்லன்னா வெட், அதாவது மிருக டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகவே நிறைய பேரு பயப்படுறாங்க. சிங்கப்பூர்ல வீட்டுல வளர்க்க அனுமதி இருக்குற ஆமை ரெண்டே வகைதான். ஒண்ணு ரெட் இயர்ட் ஸ்லைடர், கண்ணுக்குப் பின்னாடி சிவப்பா கோடு இருக்குமே அது, இன்னொண்ணு மலாயன் பாக்ஸ் டர்ட்டில். ஊர்ல பார்த்த நட்சத்திர ஆமை மாதிரி தரையில நடக்குற ஆமை எதுவும் இங்க கூடாது, அதுவும் நட்சத்திர ஆமை 2019ல சைட்டிஸ்ங்கிற உலக வனஉயிர் வியாபார ஒப்பந்தத்தோட முதல் பட்டியலுக்கே போயிடுச்சு, வெளிநாட்டு வியாபாரமே தடை. எங்க வீட்டுக்கு வந்தது ஸ்லைடர் குட்டி, அதனால அந்தத் தலைவலி இல்ல.

சித்தப்பா பையன் என்எஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவையில சேர்ந்து, பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போறப்ப, அக்கா நீங்கதான் பார்த்துக்கணும்னு எங்கிட்ட விட்டுட்டுப் போனது அது. பேரு பணியாரம், சைஸும் கிட்டத்தட்ட அதேதான். நடுவுல பிளாஸ்டிக் தென்னைமரம் நட்ட சின்ன டப்பா, ஒரு பாட்டில் காஞ்ச இறால், இதான் மொத்த சீர்வரிசை. லைட் இல்ல, ஹீட்டர் இல்ல. அந்தத் தென்னைமர டப்பாவை யாரு கண்டுபிடிச்சாங்களோ தெரியல, அதுல உயிர் பொழைச்சு வர்ற குட்டிங்களை நினைச்சாதான் ஆச்சரியமா இருக்கு. அவன் ரூம்ல ராத்திரி பூரா ஏர்கான் ஓடும், டப்பாவுல இருக்குற கொஞ்சூண்டு தண்ணி எவ்வளவு சில்லுனு ஆகியிருக்கும்னு பார்த்துக்கோங்க.

வந்த கொஞ்ச நாள்லயே சாப்பாட்டைத் தொடல. கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு, மூக்குல சின்னதா குமிழி வருது, வாயை லேசாத் திறந்து திறந்து மூடுது. நான் பயந்தது எதைப் பார்த்துன்னா, தண்ணியில விட்டா நேரா மிதக்காம ஒத்தப் பக்கமா சாஞ்சு மிதந்துச்சு, அடியில போகப் பார்க்குது, முடியல. குமிழி மட்டும் இருந்திருந்தா ரெண்டு நாள் பார்க்கலாம்னு விட்டிருப்பேன், ஆனா சாஞ்சு மிதந்தா நுரையீரல்ல சளி கட்டியிருக்கலாம், தள்ளிப் போடக்கூடாதுன்னு ஏற்கனவே படிச்சிருந்தேன்.

அம்மா மஞ்சத்தண்ணியில விடலாமான்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பாவம்மா, பார்க்ல இருக்குற குளத்துல விட்டுடு, புண்ணியமாப் போகும்னு சொன்னாங்க. நல்ல மனசுலதான் சொன்னாங்க, ஆனா அது புண்ணியம் இல்ல, குத்தம். இங்க மிருகங்களை வெளிய கொண்டுபோய் விடக்கூடாது, பிடிச்சா ஃபைன் போடுவாங்க, புண்ணியத்துக்குன்னு மிருகங்களை விடுற வெசாக் டே சமயத்துல என்பார்க்ஸ், அதாவது பூங்கா வாரியத்து ஆளுங்க இதைச் சொல்லிச் சொல்லியே ஓய்ஞ்சு போறாங்க. ஸ்லைடர் அமெரிக்காவுல மிசிசிப்பி பக்கத்து ஆமை, இங்க குளங்கள்ல பெருகி உள்ளூர் ஆமையோட சாப்பாட்டையும் இடத்தையும் பிடுங்கிக்குது. அதுலயும் மூச்சு வாங்குற குட்டியைக் குளத்துல விட்டா அதுக்கு வேற என்ன கதி?

வெட் தேடுறதுதான் பெரிய பாடு. நாய் பூனை பார்க்குற கிளினிக் எல்லாம் ஆமை பார்க்க மாட்டாங்க, அதனால போன் பண்றப்பவே எக்ஸாட்டிக்ஸ் (நாய் பூனை இல்லாத மத்த பிராணிங்க) பார்ப்பீங்களா, ஆமை குட்டி பார்ப்பீங்களான்னு தெளிவாக் கேளுங்க. ஒரு இடத்துல பார்க்குறோம்னு சொல்லிட்டு, பத்து கிராம் வெயிட்டுன்னு சொன்ன உடனே இல்லம்மா வேண்டாம்னுட்டாங்க. கடைசியில ஒரு கிளினிக்ல அன்னிக்கே வரச் சொன்னாங்க. எம்ஆர்டி ரயில்ல வளர்ப்புப் பிராணியை ஏத்த முடியாது, அதனால கிராப் டாக்ஸி ஆப்ல பெட்டுக்குன்னு இருக்குற வண்டிதான். மூடியில ஓட்டை போட்ட சின்ன டப்பா, உள்ள ஈர டிஷ்யூ, அவ்வளவுதான். தண்ணி ஊத்திக் கொண்டு போகாதீங்க, வண்டி ஆடுறப்ப பலமில்லாத குட்டி மூழ்கிடும். டிரைவர் அங்கிள்கிட்ட ஏர்கான் குறைக்கச் சொன்னேன், எதுக்குன்னு எட்டிப் பார்த்துட்டு சுத்தமா ஆஃப் பண்ணிட்டாரு, ரெண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தோம்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒரு பக்க நுரையீரல்ல நிமோனியா, கூடவே வைட்டமின் ஏ குறைச்சல்னு சொன்னாங்க. ரெண்டும் தனித்தனி இல்லையாம். காஞ்ச இறால்ல வைட்டமின் ஏ கிடையாத மாதிரிதான், அது குறைஞ்சா கண்ணு, மூக்கு, மூச்சுக்குழாய் உள்பக்கத் தோல் எல்லாம் தடிச்சுப் போய் கிருமி சுலபமா உள்ள போயிடும், அதுக்கு மேல குளிரு. ஆமைக்கு நமக்கு இருக்குற மாதிரி உதரவிதானம், அதாவது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற தசை, இல்ல, அதனால இருமித் துப்பத் தெரியாது, உள்ள போன சளி உள்ளயேதான் தங்கும். குளிர் ரத்தப் பிராணி வேற, உடம்பு சூடாகலன்னா நோய் எதிர்ப்பும் வேலை செய்யாது, சாப்பாடும் செரிக்காது, போடுற மருந்தும் ஒழுங்கா ஏறாது. பாதி வைத்தியம் ஹீட்டர்தான்னு டாக்டர் சொன்னதை நான் அப்ப அவ்வளவு பெருசா எடுத்துக்கல, ஆனா நடந்தது அதான்.

ஆன்டிபயாட்டிக் செஃப்டாசிடிம், மூணு நாளைக்கு ஒரு ஊசி. முன்னங்கால்லதான் போடணும், பின்னங்கால்ல போட்டா அங்கேர்ந்து வர்ற ரத்தம் உடம்பு பூரா சுத்துறதுக்கு முன்னாடியே கிட்னி வழியா போகலாமாம். இவ்வளவு சின்ன உடம்புக்கு வேண்டிய மருந்து ஒரு சொட்டுல கூட சின்னப் பங்குதான், அதனால அவங்களே கலக்கி, நீர்க்க வச்சு, இன்சுலின் சிரிஞ்சுல அளவா ஏத்திக் குடுத்தாங்க. ஃப்ரீசர்ல வைக்கணும், போடுறப்ப கையில வச்சு உருக்கிக்கணும். ஃப்ரீசர்ல ஒரு பக்கம் வஞ்சிர மீன், ஒரு பக்கம் பணியாரத்தோட ஊசி. தயவு செஞ்சு யாரும் மனுஷ மாத்திரையைக் கரைச்சு குடுக்குறது, இன்னொருத்தர் ஆமைக்கு எழுதின அளவைப் போடுறது எல்லாம் வேண்டாம். வைட்டமின் ஏ ஊசி கூட அளவு கூடினா தோல் உரிஞ்சிடும்னு சொல்லி அதை டாக்டர் போடவே இல்ல, சாப்பாட்டுலயே சரி பண்ணலாம்னுட்டாங்க.

ஊசி எல்லாம், வீட்டுக்காரரு பணியாரத்தைப் பிடிச்சுக்க நான் போட்டேன். முதல் தடவை என் கை நடுங்கினதுல அது காலை உள்ள இழுத்துக்கிச்சு, அப்புறம் அது வெளிய நீட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் மூச்சு விடாம உட்கார்ந்திருந்தோம்.

வீட்டு செட்டப் இப்படி. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப், ஓடு முங்குற அளவுக்கு மட்டும் தண்ணி, மேல தடுப்புக் கூடு போட்ட சின்ன ஹீட்டர் படுக்க வச்சு, தண்ணி 29 டிகிரிக்குப் பக்கத்துல. சூட்டை ஒரேயடியா ஏத்தாம மெதுவா ஏத்தினேன். ஏறி உட்கார ஒரு கல்லு, அதுக்கு மேல சூடு லைட்டு, பக்கத்துல வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிரைத் தர்ற யூவிபி லைட்டு. சிங்கப்பூர்ல இவ்வளவு வெயில் அடிக்குதே எதுக்கு யூவிபின்னு எங்க வீட்லயே கேட்டாங்க, ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துடும், உள்ள வர்றது வெளிச்சமும் சூடும்தான். காரிடார்ல காலை வெயில் காட்டலாம், ஆனா பாதி நிழல் இருக்கணும், கூடவே ஆள் நிக்கணும். காக்காவும் மைனாவும் இந்த சைஸ் குட்டியைக் கொத்தித் தூக்கிட்டுப் போக நொடி போதும்.

தண்ணி விஷயம் ஒண்ணு. ஊர்ல பாத்திரத்துல பிடிச்சு ராத்திரி வச்சா குளோரின் போயிடும்னு செய்வோம்ல, இங்க பைப்புல வர்றது குளோரமின், அது சும்மா வச்சா லேசுல போகாது. மீன் கடையில விக்கிற ஆன்டி குளோரின் ரெண்டு சொட்டு விடணும்.

சாப்பிட வைக்கிறதுதான் பொறுமையைச் சோதிச்சுது. ஸ்லைடருக்குத் தண்ணிக்குள்ள இருந்தாதான் முழுங்க வரும், வெளிய வச்சு ஊட்ட முடியாது. பகல்ல கொஞ்ச நேரம் காய விட்டு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில விட்டு, கடையில விக்கிற ஆமைத் தீனி உருண்டையை, அதான் பெல்லட்டை, ஊற வச்சு மூக்குக்கிட்ட ஆட்டிக் காட்டுவேன். கண்ணு மூடியிருந்ததால அதுக்கு எதுவுமே தெரியல. டாக்டர் குடுத்த சொட்டு மருந்து விட்டு, கண்ணுல லேசா ஒரு கீறல் மாதிரி திறந்தப்புறம்தான் தலையைத் திருப்பிச்சு. வாங்குனது ஒரே ஒரு துணுக்கு மீன், அம்மா குழம்புக்கு வெட்டினதுல கிள்ளி எடுத்தது. உப்பு மசாலா படாததுதான். அப்புறம் பெல்லட், துருவின பூசணி, எப்பவாவது சின்னத் துணுக்கு ஈரல்னு போச்சு. ஓடு ஓரத்துல அமுக்கினா வளைஞ்சுது, கால்சியம் போதலயாம், அதுக்குத் தேக்கால, அதான் லிட்டில் இந்தியாவுல, நாட்டு மருந்துக் கடையில கடல்நுரை வாங்கி ஒரு துண்டு மிதக்க விட்டேன், அதே கணவாய் ஓடு பெட் கடையில பாக்கெட் போட்டு வேற விலை.

நகை நிறுக்கிற மாதிரி குட்டித் தராசு ஆன்லைன்ல வாங்கி வச்சுக்கிட்டேன், சமையல் தராசுல அரை கிராம் வித்தியாசம் தெரியாது. மொதல்ல எடை குறைஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு, ஊசி போட்டும் குறையுதேன்னு நான் மனசு விட்டுட்டேன், டாக்டருக்கு போட்டோ அனுப்பினா இன்னும் வெயிட் பண்ணுங்க, ஆமை நோயாளியாகுறதும் மெதுவா, தேறுறதும் மெதுவான்னு பதில். அது நின்னு, ஏற ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் சாஞ்சு மிதக்குறது உடனே போகல, ரெண்டாவது எக்ஸ்ரேல தெளிஞ்ச பிறகும் கொஞ்ச காலம் லேசா ஒரு பக்கம் தூக்கினாப்லயேதான் நீந்துச்சு.

செலவு பத்திக் கேட்டீங்கன்னா, ஆமை வாங்குன காசை மாதிரி பல மடங்கு. அதுக்கா இவ்வளவுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சிரிச்சாரு, நான் பதில் சொல்லல.

கை கழுவுறதுல மட்டும் விளையாடாதீங்க, ஆமைக்கிட்ட வயித்துப்போக்கு, காய்ச்சல் தர்ற சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், நல்லா இருக்குற ஆமைக்கிட்டயும்தான். அமெரிக்காவுல 1975லயே நாலு இஞ்சுக்குச் சின்ன ஆமையை விக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டது குழந்தைங்களுக்கு இதனால நோய் வந்ததாலதான். எங்க வீட்டு டப்பை டாய்லெட்லதான் கழுவுறோம், கிச்சன் சிங்க் பக்கமே போகாது, அக்கா குழந்தை வந்தா பணியாரத்தைத் தூரத்துலேர்ந்து பார்க்கலாம், தொடக்கூடாது, அழுதாலும் சரி.

இப்ப ஓடு கெட்டியாயிடுச்சு, காலையில லைட்டு போட்ட உடனே கல்லு மேல ஏறி பின்னங்காலை நீட்டிக்கிட்டு படுக்குது. பொண்ணா இருந்தா ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும், இருபது முப்பது வருஷம் இருக்கும்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து வீட்ல பேச்சுவார்த்தை நடக்குது. ஷூ ரேக்கைத் தூக்கினா ஹால்ல மூணு அடி டேங்க் தாராளமா வைக்கலாம், வீட்டுக்காரரு இன்னும் ஒத்துக்கல.