ஃப்யூஸ் போனால் கதவைப் பாருங்கள்: மைக்ரோவேவ் டோர் ஸ்விட்ச் மாற்றிய அனுபவம்

மைக்ரோவேவ் ஓவனில் ஃப்யூஸ் சும்மா போகாது. அதிலும் கதவைத் திறக்கிற நொடியில் போனால், கோளாறு பெரும்பாலும் கதவுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஸ்விட்சுகளில்தான். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். ஓவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா கதவை இழுத்தார். உள்ளே 'பட்' என்று ஒரு சத்தம். விளக்கு, எண்கள், எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்துபோயின.

தெருவிலேயே கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி வந்து ஃப்யூஸை மாற்றினார். ஓவன் ஓடியது, தண்ணீரும் சூடானது. கதவைத் திறந்ததும் மறுபடி 'பட்'. அவர் உள்ளே பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த மூணாவது ஸ்விட்சுதான் ஷார்ட் பண்ணுது. ரெண்டு வயரையும் கழட்டி டேப் சுத்தி விட்டுடறேன். அப்புறம் ஃப்யூஸே போகாது."

"வேணாம் தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. அப்படியே வெச்சிடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வயரைக் கழற்றினால் ஃப்யூஸ் போகாது, ஓவனும் ஓடும். ஆனால் கதவு திறந்திருக்கும்போதும் ஓட வாய்ப்பு வந்துவிடும். இந்தப் பதிவை நான் எழுதுவதே அதற்காகத்தான், ஏனென்றால் இந்தக் கைவைத்தியத்தைப் பல வீடுகளில் செய்துவிட்டுப் போகிறார்கள்.

கதவின் ஓரத்தில் மேலும் கீழுமாக இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். கதவை மூடும்போது அவை உள்ளே போய் மைக்ரோ ஸ்விட்சுகளின் பொத்தான்களை அழுத்தும். பெரும்பாலான வீட்டு ஓவன்களில் மூன்று ஸ்விட்சுகள் இருக்கும். முதலாவது, ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் கரன்ட் பாதையிலேயே இருக்கும். கதவு மூடினால்தான் இணையும், திறந்தால் துண்டிக்கும். இரண்டாவதும் அப்படித்தான். சில மாடல்களில் அது இன்னொரு லைனையோ ரிலேயையோ துண்டிக்கும், சிலவற்றில் கதவு திறந்திருக்கிறது என்று கன்ட்ரோல் போர்டுக்குச் சொல்லும். வயரிங் மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்.

மூன்றாவது ஸ்விட்ச்தான் விஷயமே. மானிட்டர் ஸ்விட்ச் என்பார்கள். மற்ற இரண்டுக்கும் நேர் எதிர்: கதவு மூடியிருக்கும்போது விலகி நிற்கும், திறந்தால் இணையும். இணைந்தால் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் பாதையை ஷார்ட் செய்யும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதற்குள் முதல் ஸ்விட்ச் துண்டித்திருக்கும், கரன்ட் இல்லாத இடத்தில் ஷார்ட் ஆகி ஒன்றும் ஆகாது. முதல் ஸ்விட்சின் கான்டாக்ட் (உள்ளே ஒன்றையொன்று தொட்டு இணையும் உலோகப் பொட்டுகள்) உருகி ஒட்டிக்கொண்டு, கதவு திறந்த பிறகும் கரன்ட் போய்க்கொண்டே இருந்தால், மானிட்டர் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஃப்யூஸை எரித்து ஓவனையே செயலிழக்க வைக்கும். அதாவது, எங்கள் ஓவனில் அந்த மூன்றாவது ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அதைத்தான் குற்றவாளி என்று கழற்றப் பார்த்தார் தம்பி.

நான் ஆலைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். பிரஸ் மெஷினின் காவல் கதவில் உள்ள ஸ்விட்சை யாராவது கயிறு கட்டி அழுத்தி வைத்தால் அங்கே பெரிய பிரச்சினையாகிவிடும், ஆகவும் வேண்டும். சமையலறையில் குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் இருக்கும் மெஷினுக்கு மட்டும் அந்தக் கண்டிப்பு எப்படித் தேவையில்லாமல் போகும்? அமெரிக்காவில் 1970-களிலிருந்தே இதற்குக் கட்டாய விதி இருக்கிறது: குறைந்தது இரண்டு பாதுகாப்பு இன்டர்லாக் (கதவு திறந்தால் ஓவனை நிறுத்தும் ஸ்விட்ச்), அவற்றில் ஒன்று கைக்கு எட்டாதபடி மறைவாக, அதோடு இன்டர்லாக் பழுதானால் ஓவனை நிறுத்திவிடும் ஒரு கண்காணிப்பு.

ஓவனின் மேல்மூடியைக் கழற்றும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதை வடிப்பதற்காக உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், ஆனால் அது பழுதாகியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. டி.வி., ஃபேன் திறந்து பழகிய கை இதற்குப் போதாது, ஆளைக் கொல்லும். உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்து பழகாதவர்கள் மூடியைத் தொடாதீர்கள். மெக்கானிக்கிடமே கொடுங்கள், ஆனால் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். நான் பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, கண்டென்சரை முறைப்படி டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் உள்ளே கை வைத்தேன்.

ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் வயரிலிருந்து கழற்றித்தான் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். மாட்டியபடியே பார்த்தால் வேறு பாதை வழியாகவும் பீப் அடித்து நம்மை ஏமாற்றும். முதல் ஸ்விட்சின் பொத்தானை அழுத்தாமலே மீட்டர் பீப் அடித்தது. அழுத்தினால் நல்ல ஸ்விட்சில் வரும் 'டிக்' என்ற துள்ளல் இல்லை, மொழுக்கென்று உள்ளே போனது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தேன். தகடு துள்ளி விலக வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளிப் பொட்டுகளும் கரிபிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் நெம்பியதும் விட்டன, ஒட்டியிருந்த இடத்தில் சொரசொரப்பான சின்னப் பள்ளம். டெர்மினலில் வயர் செருகும் லக்கும் தளர்ந்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது. லக் தளர்ந்தால் சூடாகும், சூடானால் ஸ்விட்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடும் இழுவை இழக்கும். ஓடும்போதே கதவை இழுக்கும் பழக்கம் இதை வேகப்படுத்தும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் முழு லோடு ஓடும்போது கான்டாக்ட் பிரிந்து பொறி பறக்கிறது. அதனால்தான் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத் திறக்கச் சொல்கிறேன்.

மற்ற இரண்டு ஸ்விட்சுகளும் மீட்டரில் சரியாகவே காட்டின. ஆனாலும் மூன்றையும் மாற்றினேன். மானிட்டர் ஸ்விட்ச் ஒருமுறை ஷார்ட்டைத் தாங்கிவிட்டால், அந்த நொடியில் பாய்ந்த கரன்ட் அதன் கான்டாக்ட்டைச் சிதைத்திருக்கும். மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது நல்ல ஸ்விட்சாகத் தெரியலாம், அடுத்த ஆபத்தில் ஃப்யூஸை எரிக்கும் அளவு கரன்ட்டைக் கடத்துமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஃப்யூஸை எரித்த மானிட்டரை முதல் ஸ்விட்சோடு சேர்த்தே மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களின் சர்வீஸ் கையேடுகளும் சொல்கின்றன.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஸ்விட்சைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "என்.ஓ-வா என்.சி-யா, ரெண்டு கால் ஸ்விட்சா மூணு கால் ஸ்விட்சா?" முதல் இரண்டுக்கும் அழுத்தினால் இணையும் என்.ஓ, மானிட்டருக்கு அழுத்தினால் பிரியும் என்.சி. இரண்டு கால் (டெர்மினல்) ஸ்விட்சுகள் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றிப் போட்டால் விளைவு மோசம். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து, மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டே வாங்குங்கள். 16 ஆம்பியர், 250 வோல்ட் என்று போட்டிருந்தது. பழைய ஸ்விட்சில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். காலின் அகலமும் பார்க்க வேண்டும், லக் இறுக்கமாக உட்காராவிட்டால் மறுபடி சூடாகும். மூன்று ஸ்விட்சுக்கும் ஃப்யூஸுக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆனது. ஃப்யூஸ் அதே ஆம்பியரில் செராமிக் உடல் கொண்டதாக இருக்க வேண்டும். செம்பு வயர் சுற்றுவது இங்கே கூடவே கூடாது, மானிட்டர் எரிக்க வேண்டியதே அந்த ஃப்யூஸைத்தான்.

ஸ்விட்சுகளைக் கொக்கிக் கூட்டில் கிளிப் செய்து மாட்டுவது சுலபம். கழற்றும் முன் செல்போனில் வயர்களைப் படம் எடுத்திருந்ததால் குழப்பம் இல்லை. பொறுமை தேவைப்பட்டது வரிசையைச் சரிபார்ப்பதில்தான். பிளக் மாட்டாமல், வயர்கள் கழன்ற நிலையில், மீட்டரை வைத்துக்கொண்டு கதவை மெதுவாக மூடினேன். முதலில் மானிட்டர் பிரிய வேண்டும், அதற்குப் பிறகே மற்ற இரண்டும் இணைய வேண்டும். திறக்கும்போது இது தலைகீழாக நடக்க வேண்டும். என் ஓவனில் திறக்கும்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவாக இருந்தது. கொக்கிக் கூட்டின் திருகுத் துளைகள் நீளவாக்கில் இருந்ததால் கூட்டைக் கொஞ்சம் நகர்த்தி இறுக்கினேன். இதைச் சரிபார்க்காமல் விட்டால், புது ஸ்விட்ச் போட்ட பிறகும் ஃப்யூஸ் போகும், ஸ்விட்ச் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து ஓட்டினேன். 800 வாட் ஓவன் ஒரு நிமிடத்தில் அதைச் சுமார் 11 டிகிரி சூடாக்க வேண்டும், சூடாக்கியது. மைக்ரோவேவ் கசிவைச் சர்வீஸ் சென்டரில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஓவனிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு, இது அதற்கு வெகு கீழே இருந்தது. கசிவு இருக்கிறதா என்று அறியச் செல்போனை உள்ளே வைத்துக் கால் செய்து பார்ப்பது சோதனையே அல்ல. கதவின் தடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ் அலைக்காக வடிவமைத்தது, செல்போன் வேறு அலைவரிசைகளில் பேசுகிறது.

ஃப்யூஸ் போகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். கதவை அழுத்திப் பிடித்தால்தான் ஓடுகிறது, ஸ்டார்ட் அழுத்தினால் சில நேரம் ஒன்றுமே நடப்பதில்லை, தட்டு சுற்றுகிறது ஆனால் சூடாவதில்லை என்றால் இந்த ஸ்விட்சுகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கதவு திறந்த பிறகும் ட்ரான்ஸ்ஃபார்மரின் கனத்த உறுமல் கேட்டால் பார்ப்பதற்கே இடமில்லை, உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

கொக்கி உடைந்திருந்தாலோ, கீல் ஆடினாலோ, கதவு கோணலாகி ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ ஸ்விட்ச் மாற்றி பயனில்லை. கொக்கி கிடைத்தால் கொக்கி, இல்லையென்றால் முழுக் கதவு, அதுவும் கிடைக்காவிட்டால் ஓவனை ஒதுக்கிவிட வேண்டியதுதான். பழைய சாமான்காரருக்குப் போடுவதாக இருந்தால் பிளக் வயரை வெட்டிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அது வேறொரு வீட்டின் சமையலறைக்குப் போய்விடும்.