குளிசைப் பை

"வருத்தம் ஏதும் இருக்கோ அம்மா?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை."

"குளிசை ஏதும் போடுறனீங்களோ?"

"சீச்சீ, கடவுள் புண்ணியத்தில ஒண்டும் இல்லை."

எங்கள் கல்லூரிப் பல் சிகிச்சைக்கூடத்துக்கு வந்த ஒரு அம்மாவிடம், மாணவியான நான் படிவத்தை வைத்துக் கேட்ட அத்தனை கேள்விக்கும் இதே பதில்தான். பிறகு பிரஷர் பார்த்தேன். மேல் எண் 180-ஐத் தாண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கவிட்டு மறுபடி பார்த்தும் இறங்கவில்லை. ஆசிரியை வந்து, இன்றைக்கு வாயில் கருவி வைக்க முடியாது, முதலில் குடும்ப வைத்தியரைப் பார்க்கட்டும் என்றார். அப்போதுதான் அம்மாவின் கைப்பைக்குள்ளிருந்து ஒரு ஷொப்பிங் பை வெளியே வந்தது. பிரஷர் குளிசை, சீனிக் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை எல்லாம் அதற்குள். அன்று வெள்ளிக்கிழமை விரதம். வெறும் வயிற்றில் வேண்டாம் என்று காலையில் ஒன்றையும் போடவில்லையாம்.

"பல்லுக்கும் பிரஷருக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்?" என்று கேட்டார். ஸ்காபரோவிலிருந்து பனிக்குள் இரண்டு பஸ் மாறி வந்தவர், வந்த வேலை நடக்காமலே திரும்பிப் போனார். எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

டொரொன்டோவில் பல் சுகாதாரம் படிக்கிறேன். பல் வைத்தியர் வேலை இல்லை இது. பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரையை எடுப்பது, முரசின், அதாவது பல் ஈறின், நிலையை அளப்பது, வீட்டில் எப்படிப் பராமரிப்பது என்று சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. கல்லூரிச் சிகிச்சைக்கூடத்துக்கு நோயாளிகளை மாணவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும். கட்டணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு படியையும் ஆசிரியர் சரிபார்த்த பிறகே அடுத்தது என்பதால், ஒரு தடவை வந்தால் மூன்று மணி நேரம் போய்விடும். அவ்வளவு நேரம் யாரிடம் இருக்கிறது? ஓய்வுபெற்றவர்களிடமும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கள் அம்மம்மாக்களிடமும்தான். கோயில் அன்னதான வரிசையில் நின்றுதான் ஆள் பிடிக்கிறேன்.

இந்த நாட்டு முதியவர்கள் வரும் விதமே வேறு. ஒரு தாத்தா தன் மருந்துகளை அளவோடு தட்டச்சு செய்த தாளோடு வந்தார். எந்தப் பல்லை எந்த வருடம் அடைத்தார்கள் என்பதும் அதில் இருந்தது. முடிந்ததும் தன் நாயின் மூட்டுவலியையும் சொன்னார். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாகவே இருந்தது. எங்கள் ஆட்கள் இப்படி ஒரு தடவை வாய் திறக்க மாட்டார்களா என்று ஏக்கமாகவும் இருந்தது.

அவர்கள் பொய் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைகளுக்குப் பாரம் என்று ஒரு நினைப்பு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்லக் கூச்சம். குளிசையால் சீனி அடங்கியிருந்தால் அதை வருத்தம் என்றே எண்ணுவதில்லை. எனக்குத்தான் மனம் பதைக்கிறது. இரத்தத்தில் சீனி கூடினால் முரசு நோய் கூடும். முரசு நோய் முற்றினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் கடினம். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுபவருக்கு, ஆழத்தில் காரை எடுத்தால் இரத்தம் நிற்க நேரமெடுக்கும். செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுக்காமல் முரசில் வேலை செய்யக் கூடாது. அம்லோடிப்பின் என்று எங்கள் பாதி வீடுகளில் இருக்கும் பிரஷர் குளிசை, சிலருக்கு முரசை வீங்க வைக்கும். இத்தனையும் அந்த ஷொப்பிங் பைக்குள் இருக்கிறது, பை கைப்பைக்குள் இருக்கிறது.

அதனால் கேட்கும் விதத்தை மாற்றினேன். "காலமை தேத்தண்ணியோட என்ன குளிசை போடுறனீங்கள்?" என்று கேட்டால், "அது பிரஷருக்கு மட்டும்தான்" என்று வருகிறது. "சரி, இரவில?" "இரவில கொழுப்புக்கு." "கை கால் விறைக்கிறதோ?" "அது சீனியால எண்டு டொக்டர் சொன்னவர்." ஆசிரியையும் இதைப் பக்கத்தில் நின்று கவனித்தார். கையிலுள்ள கருவியை விட இந்தக் கேள்விதான் முதல் கருவி என்று இப்போது நம்புகிறேன்.

முரசு அளப்பதில் ஒரு சிரிப்பும் உண்டு. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழத்தை அளந்து சத்தமாகச் சொல்ல, பக்கத்து மாணவி பதிந்துகொள்வாள். 3 மில்லிமீட்டர் வரை நல்லது, அதற்கு மேல் கவனிக்க வேண்டியது. "2, 3, 2, 6" என்று சொல்லிக்கொண்டு போக, ஒரு ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார். "ஆறு எண்டால் பாஸோ பிள்ளை?"

நோயாளியைச் சாய்த்துவிட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்து, பெரியவர்களின் முகத்துக்கு மேலே குனிவது ஆரம்பத்தில் கூசியது. ஊரில் அம்மம்மாவின் தலையை எண்ணெய் வைக்கத்தான் தொட்டிருக்கிறேன். இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் வெற்றிலை போடும் ஒருவர் வாயைத் திறந்தால் முகக்கவசத்தைத் தாண்டி அந்த வாசம் வந்துவிடும். உடனே நான் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரான கோப்பாயில் நிற்பேன். கிணற்றடியில் உமிக்கரியோடு அம்மம்மா, திண்ணையில் அவரின் பாக்குரல். பல் எல்லாம் போன பிறகும் இடித்து இடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. அம்மம்மாவின் கன்னத்தை உள்ளே திருப்பிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. எங்களுக்குப் பல் வைத்தியர் என்றால் பிடுங்குகிறவர். அப்பாவும் வலி தாங்க முடியாமல் போனபிறகுதான் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார், பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸில் வந்தார். அவரின் அந்தப் பற்களில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம் என்று இப்போது தெரியும்போது கோபம்தான் வருகிறது.

இங்கே 2024 மே மாதம் முதல், கனடாவின் பொதுப் பல் பராமரிப்புத் திட்டத்தில் முதியவர்கள் சிகிச்சை பெறத் தொடங்கினார்கள். தனியார் பல் காப்புறுதி கிடைக்காத, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்கள் சேரலாம். காரை எடுப்பதும் அதில் அடங்கும். வருமான வரி தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மகன், மருமகள் யாராவது ஒரு மாலை உட்கார்ந்து இதை முடித்துக் கொடுங்கள். கூட்டி வரும் நாளில் சாப்பிட வைத்து, குளிசை போடவைத்து, பையையும் கொண்டுவாருங்கள்.

கோப்பாயில் இருக்கும் என் அம்மாவுக்கும் முரசு வடிகிறது என்று தம்பி சொன்னான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடியட்டும், பிறகு போகிறேன் என்கிறார் அம்மா. கொடியேறுவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போ என்று தம்பிக்கு விடாமல் போன் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.