தைராய்டு மாத்திரையும் ஒரு பாதிக் கதையும்

தரமணியில் உள்ள ஓர் ஆய்வகத்தில், வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லை இதயத் தசைச் செல்லாக மாற்றுவது என் வேலை. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தட்டின் ஏதோ ஒரு மூலை துடிக்க ஆரம்பித்திருக்கும். நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ஆனால் அவை கருவில் இருக்கும் சிசுவின் செல்களைப் போன்றவை. வடிவம் ஒழுங்காக இருக்காது, சர்க்கரையை நம்பியே வாழும். வளர்ந்தவரின் இதயச் செல் நீளமாக, கொழுப்பை எரித்து உழைப்பது. அந்த முதிர்ச்சி வர, தைராய்டு ஹார்மோனான டி3-யையும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் செல்கள் வளரும் ஊட்டக் கரைசலில் சேர்ப்போம். பிரசவத்தை ஒட்டிக் குழந்தையின் உடம்பில் கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டும் டி3-யும் ஏறுகிறதல்லவா, ஏறக்குறைய அதைத்தான் தட்டில் செய்து பார்க்கிறோம்.

கண்ணாடிச் சாமான் கழுவும் அண்ணா ஒருநாள் லேபிளைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், எங்க வீட்ல காலைல வெறும் வயித்துல போடறாங்களே, அந்தத் தைராய்டா இது?"

கிட்டத்தட்ட அதுதான் என்றேன். மாத்திரையில் இருப்பது டி4, உடம்பு அதை டி3 ஆக்கிக்கொள்ளும். அவருடைய அப்பா மாரடைப்பில் போனவர். "செத்த தசை திரும்ப வளராதா?" என்றார். எனக்குப் பிடித்த விஷயம், உற்சாகமாகச் சொன்னேன். பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டியின் இதய நுனியை வெட்டினாலும் வளர்ந்துவிடும், ஏழாம் நாள் வெட்டினால் வளராது என்று 2011-இல் கண்டார்கள். 2019-இல் வந்த ஆய்வு, அந்தக் கதவை மூடுவதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பங்கு உண்டு என்றது. இதயச் செல்லுக்கு அதன் சமிக்ஞை எட்டாதபடி மாற்றிய எலிகளின் இதயம், வளர்ந்த பிறகும் ஓரளவு தன்னைச் சரிசெய்துகொண்டது. இதயத்தை மறுபடி வளர்த்துக்கொள்ளும் ஜீப்ரா மீனுக்கு அதே ஹார்மோனைக் கொடுத்தால் அந்தத் திறன் குறைந்தது. செல்லை முதிர வைப்பதே அது பிரிந்து பெருகுவதையும் நிறுத்துகிறது. மனிதரில் 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்தான் புதிதாகிறது.

மறுநாள் வந்து, "மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டேன் மேடம். இதயம் வளரட்டும்" என்றார்.

எனக்குப் பகீரென்றது. எல்லா வேலையையும் போட்டுவிட்டு அவரை உட்கார வைத்தேன். அந்த எலிகளில் மாற்றம் இதயச் செல்லுக்குள் மட்டும், மரபணு வழியாகச் செய்தது. முழு உடம்புக்கும் ஹார்மோன் குறைந்தால் துடிப்பு மெதுவாகும், கொலஸ்ட்ரால் ஏறும், இதயம் சோர்ந்துபோகும். முதிர்ந்த செல் ஒழுங்காக உழைக்கவே அந்த ஹார்மோன் வேண்டும். இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும். பாதிக் கதையைச் சொல்லி அனுப்பியது என் தப்பு என்று அவரிடமே சொன்னேன்.

அவர் அங்கேயே போனை எடுத்தார். "இன்னிக்குப் போட்டியா இல்லியா? சரி, நாளைக்குக் காலைல மறக்காம போட்டுடு. டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாதாம்."