அப்பா வீடும் யாக்கோபின் கேள்வியும்

மார்ச் 3

தம்பி இன்றும் போன் செய்தான். அப்பா விட்டுப்போன வீட்டில் முன்பகுதி அவனுக்கு வேண்டுமாம். எனக்கும் அதுதான் வேண்டும். பேச்சு தடித்து, கடைசியில் வீட்டை விட்டுவிட்டு சின்ன வயதில் யாருக்கு என்ன கிடைத்தது என்ற பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது. ராத்திரி பைபிளில் யாக்கோபு எழுதின நிருபம் 4ஆம் அதிகாரம் வாசித்தேன். உங்களுக்குள்ளே சண்டைகள் எதினாலே வருகிறது என்று கேட்டுவிட்டு, உங்கள் அவயவங்களில் போர்செய்கிற இச்சைகளினாலல்லவா என்கிறார். எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் திருந்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க அந்த வசனம் யாரையும் விடாது.

மார்ச் 6

பங்கு கேட்பது பாவமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். மாற்கு சுவிசேஷம் 10இல் இயேசுவின் சீடர்களான செபெதேயுவின் மகன்கள் இருவரும் கேட்டது இயேசுவின் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்காரும் இடம். அவர் பக்கத்தில் இருக்க ஆசைப்படுவதில் என்ன தவறு? ஆனால் அது மற்றவர்களுக்கு மேலே ஓர் இடமாக ஆனதும் மீதிப் பத்து சீடர்களுக்கும் எரிச்சல் வந்தது, ஏனென்றால் அவர்கள் மனதிலும் அதே ஆசை இருந்திருக்கும். நல்ல பொருள்மேல் வைத்த ஆசைதான் அதிக ஆபத்து, நியாயம் போலவே பேசும்.

ஜெபத்துக்குள்ளும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஆண்டவரே, தம்பிக்கு நல்ல புத்தி கொடும்" என்று கேட்பது, முன்பகுதியை எனக்குத் தாரும் என்பதையே வேறு விதமாகக் கேட்பது. தகாதவிதமாய் விண்ணப்பம்பண்ணுகிறீர்கள் என்று யாக்கோபு சொல்வது இதைத்தான்.

மார்ச் 7

இன்று ஜெபத்தில் தம்பி பெயரை எடுக்கவில்லை. எனக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் எதற்குப் பயப்படுகிறேன், அதை மட்டும் சொன்னேன்.

மார்ச் 11

ஆதியாகமம் 13. ஆபிராமின் மேய்ப்பர்களுக்கும் அவர் சகோதரன் மகன் லோத்தின் மேய்ப்பர்களுக்கும் வாக்குவாதம் வந்தபோது பெரியவர் ஆபிராம், தேசம் வாக்களிக்கப்பட்டதும் அவருக்குத்தான். ஆனாலும் நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று லோத்திடம் சொல்கிறார். லோத்து தண்ணீர் வளமுள்ள யோர்தான் சமபூமியை எடுத்துக்கொள்கிறான். ஆபிராமால் எப்படி முடிந்தது? பல்லைக் கடித்துக்கொண்டு ஆசையை அடக்கியதால் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் பங்கு லோத்தின் கையில் இல்லை, தேவன் கையில் இருக்கிறது என்று நம்பினார், அதனால் கை தானாகத் திறந்தது.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதே பக்தி என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகாப் ராஜா கேட்டபோது நாபோத் தன் திராட்சத்தோட்டத்தைக் கொடுக்கவில்லை, அது பிதாக்களின் சுதந்தரம், அதாவது முன்னோர் வழி வந்த சொத்து, கொடுக்காததுதான் சரி. அங்கே இச்சை, கிடைக்கவில்லையே என்று சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்ட ராஜாவுக்குத்தான். ஏமாற்றப்படுகிறவரிடம் போய் சமாதானமாகப் போ என்று சொல்கிற சபைப் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் எங்கள் விஷயம் அப்படியில்லை. தம்பி என்னை ஏமாற்றவில்லை, அவனுக்கும் அந்தப் பகுதி பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 15

ஆராதனை முடிந்ததும் நானே போன் செய்தேன். "நீ முதலில் எடுத்துக்கோடா, மீதி எனக்கு." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நிஜமாவா அண்ணே?" என்றான். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறானாம். முன்பகுதிமேல் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை, நாளைக்கும் அதையே ஜெபத்தில் வைக்க வேண்டும். பத்திரம் எழுதும் முன்னால் இரண்டு குடும்பமும் ஒருநாள் சேர்ந்து உட்காரலாம் என்றேன், சரி என்றான்.