ஏன்ஸ்ஃபோர்டு: பீட்டர் வார்லாக் உழைத்த ஊர்

ஞாயிற்றுக்கிழமையில் ஏன்ஸ்ஃபோர்டுக்குப் போக வேண்டாம் என்பதே இந்தப் பயணத்தைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது. லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸ் நிலையத்தில் ஏறினால், கேட்ஃபோர்டு வழியாகச் செவனோக்ஸ் செல்லும் ரயில் மற்ற நாள்களில் இந்த ஊரில் நேராக இறக்கிவிடும். நான் சென்ற அன்று தண்டவாளப் பராமரிப்பு என்று சொல்லி ஸ்வான்லி நிலையத்தோடு எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். முதல் நாள் இரவு நான் பார்த்தபோது இணையத்தில் அப்படி ஓர் அறிவிப்பே இல்லை. ரயிலுக்குப் பதிலாக வரும் என்று சொன்ன பேருந்து, கைக்குழந்தையோடு நின்ற தாய்மார்களையும் முதியவர்களையும் சாரலில் காக்க வைத்துவிட்டு வராமலேயே போயிற்று. வேறு வழியின்றி ஏறிய வாடகைக் கார் ஓட்டுநர் சில மைல் தூரத்துக்கு 25 பவுண்டு கேட்டு வாங்கிக்கொண்டார். நம் பணத்தில் அது ஏறக்குறைய 2,800 ரூபாய். மாலையில் அதே தூரத்துக்கு வேறொருவர் அதில் பாதிக்கும் குறைவாகவே வாங்கினார் என்பதால், காலையில் நடந்தது கொள்ளைதான் என்று தயக்கமின்றி எழுதுகிறேன்.

இவ்வளவு செலவழித்துக் கென்ட் மாவட்டத்தின் ஒரு சிற்றூருக்குப் போனதற்குக் காரணம் பீட்டர் வார்லாக். 1894 அக்டோபர் 30 அன்று லண்டன் சவாய் ஹோட்டலில் பிறந்து, 1930 டிசம்பர் 17 அன்று செல்சியில் ஓர் அடித்தளக் குடியிருப்பில் எரிவாயு கசிந்து இறந்துபோன இந்த இசையமைப்பாளரின் இயற்பெயர் பிலிப் ஹெஸல்டைன். ஈட்டன் பள்ளியில் படித்தபோதே ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸின் இசையில் மனம் பறிகொடுத்தவர். ஆக்ஸ்ஃபோர்டு படிப்பை ஓராண்டில் விட்டுவிட்டவர். முறையான இசைக் கல்லூரி எதிலும் பயிலாதவர். விமர்சகராகக் கடுமையாக எழுதிப் பலரைப் பகைத்துக்கொண்டிருந்த ஹெஸல்டைன் என்ற பெயரில் அனுப்பினால் பதிப்பாளர்கள் திருப்பிவிடுவார்கள் என்பதால், தம் பாடல்களை வார்லாக் என்ற புனைபெயரில் வெளியிட்டார். அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸின் கவிதைகளுக்கு அவர் இசையமைத்த ‘த கர்லூ’ என்ற தொடரை, டெனர் என்னும் உச்ச ஆண்குரலோடு புல்லாங்குழலும் காரங்கிலே என்னும் ஊதுகருவியும் நான்கு நரம்பிசைக் கருவிகளும் சேர்ந்து ஒலிக்கக் கேட்டவர்கள், இவ்வளவு துயரத்தை இவ்வளவு சிக்கனமாகச் சொல்ல முடியுமா என்று வியக்கவே செய்வார்கள். என்னை இந்த ஊருக்கு இழுத்து வந்தது அந்த இசைதான்.

ஊர் அழகானது. டேரன்ட் என்னும் சிறிய ஆறு சாலையின் குறுக்கே ஓட, கார்கள் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் துறையும் அதன் பக்கத்திலேயே பழைய கற்பாலமும் உள்ளன. நார்மானியர் காலத்துக் கோட்டையின் சுவர்களை இலவசமாகவே பார்க்கலாம். லலிங்ஸ்டோனில் உள்ள ரோமானிய மாளிகையின் எச்சங்களுக்குக் கட்டணம் உண்டு. வாடகைக் காருக்குக் கொட்டிக்கொடுத்த பிறகு அதை நான் விட்டுவிட்டேன்.

1925 முதல் 1928 வரை வார்லாக் வாடகைக்கு இருந்த வீடு ஊரின் முதன்மைச் சாலையிலேயே இருக்கிறது. இப்போதும் அது ஒருவரின் குடியிருப்பு என்பதால், சாலையில் நின்று பார்ப்பதோடு நிறைவடைய வேண்டும். இசையமைப்பாளர் மோரன் அவரோடு தங்கியிருந்தார். நியூசிலாந்தின் மாவோரி பழங்குடி வழிவந்த ஹால் காலின்ஸ் என்பவர் வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டார். வார இறுதிகளில் லண்டனிலிருந்து ஓவியர்களும் எழுத்தாளர்களும் பாடகர்களும் வந்து குவிந்தார்கள். எதிர்ச்சாரியில் உள்ள ஃபைவ் பெல்ஸ் மதுக்கடைதான் அவர்களுடைய கூடம். பக்கத்துத் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடு நடக்கும்போது இவர்கள் கப்பலோட்டிகளின் பாடல்களை உரக்கப் பாடினார்கள் என்றும், வார்லாக் ஆடையின்றி மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் சுற்றினார் என்றும் கதைகள் உண்டு. ஊரில் நான் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது அந்த மோட்டார் சைக்கிள் கதையைத்தான். ஒருவர்கூட அவர் எழுதிய ஒரு பாடலின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அது மிகுந்த எரிச்சலைத் தந்தது.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. அந்த வீட்டில் அவர் இருந்த காலத்தில் வெளிவந்தவற்றை எண்ணிப் பாருங்கள். முதலாம் எலிசபெத் காலத்துத் தனிப்பாடல்களைப் பற்றிய அவருடைய ஆய்வு நூல் 1926இல் வந்தது. ஜெசுவால்டோ என்ற இத்தாலிய இசையமைப்பாளரைப் பற்றி இசை விமர்சகர் செசில் கிரேயோடு சேர்ந்து எழுதிய நூலும் அதே ஆண்டில் வந்தது. ஆங்கில இசையமைப்பாளர் ஹென்றி பர்செல் 1680இல் நரம்பிசைக் கருவிகளுக்காக எழுதி, தம் வாழ்நாளில் அச்சேற்றாமலேயே விட்டுப்போன ஃபேன்டசியா என்னும் கருவியிசைப் படைப்புகளை, ஆந்த்ரே மான்ஜோ என்ற வயலின் கலைஞரோடு சேர்ந்து 1927இல் பதிப்பித்தார். ஓயாமல் குடித்துக் கிடந்த ஒருவரால் இத்தனையும் செய்திருக்க முடியாது. குடி இருந்தது, கூத்தும் இருந்தது. ஆனால் காலையில் எழுந்து பழைய ஏட்டின் முன் உட்கார்ந்தவரும் அதே மனிதர்தான் என்பதை ஊர் மறந்துவிட்டது.

பழைய இசையை இன்றைய குறிப்புக்கு மாற்றும் அந்த வேலையின் கடினத்தை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எலிசபெத் காலத்து இசையமைப்பாளர் ஜான் டவுலண்டும் அவர் காலத்தவரும் குரலோடு இசைக்க எடுத்துக்கொண்ட கருவி, விரலால் மீட்டும் தந்திக் கருவியான லூட். அதற்கான இசையை அவர்கள் இன்றைய ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பில் எழுதவில்லை. ஆறு கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரு தந்தியாகக் கொண்டு, கருவியின் கழுத்தில் உள்ள எந்த மெட்டில் (தந்தியை அழுத்தும் குறுக்குக் கட்டையில்) விரல் வைக்க வேண்டும் என்பதை ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள்; முதல் எழுத்து என்றால் விரல் வைக்காத வெறும் தந்தி, அடுத்த எழுத்து என்றால் முதல் மெட்டு. ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பதை அந்த எழுத்துகள் சொல்லமாட்டா. மேலே உள்ள தாளக் குறிகள் அடுத்த ஒலி எப்போது தொடங்குகிறது என்பதை மட்டுமே காட்டும். ஆகவே ஒரு பாடலை இன்றைய குறிப்புக்கு மாற்றுபவர், எந்த ஒலி எந்தக் குரல்வரிசையைச் சேர்ந்தது, எது எதுவரை ஒலிக்கும் என்பதை ஒவ்வோர் இடத்திலும் தம் செவியாலும் அறிவாலும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வார்லாக் இப்படி மாற்றி எழுதிய பழைய படைப்புகள் 500க்கும் மேற்பட்டவை. பிலிப் வில்சன் என்ற பாடகரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த பாடல் தொகுதிகளும், டவுலண்டின் 1604ஆம் ஆண்டு ‘லாக்ரிமே’ என்ற கருவியிசைத் தொகுப்பும் அவற்றில் அடங்கும்.

பழைய பாடல் என்றால் அதைத் திருத்தி, அலங்கரித்து, பியானோவுக்கு ஏற்பத் தடிமனாக்கித் தருவதே நாகரிகம் என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், மூலத்தில் உள்ளதை உள்ளபடியே தர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக நின்றார். பழைய இசை குழந்தைத்தனமானது, நாம்தான் அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்ற நினைப்பையே அவர் வெறுத்தார். இன்று பழங்கால இசையைப் பாடுபவர்கள் எல்லாரும் இயல்பாக ஏற்றுக்கொண்டுள்ள நெறி இது. அவர் அதைச் சொன்னபோது அவருக்குச் சம்பளம் தந்த பல்கலைக்கழகமோ நிறுவனமோ எதுவும் இல்லை.

அவருடைய சொந்த இசையும் இந்த உழைப்பிலிருந்தே பிறந்தது. துவானோ ஆர்போ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1589இல் வெளியிட்ட நடன நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1925இல் வந்தபோது அதற்கு வார்லாக் முன்னுரை எழுதினார்; அந்த நூலின் மெட்டுகளை எடுத்து அடுத்த ஆண்டே ‘கேப்ரியால் ஸ்வீட்’ என்ற நடன இசைத்தொடரை அமைத்தார். கேப்ரியால் என்பது அந்த நூலில் ஆசிரியரிடம் கேள்வி கேட்கும் மாணவனின் பெயர். ஆறு சிறு நடனங்கள், மொத்தம் பத்து நிமிடம்தான். ஐந்தாவது நடனத்தில் மெட்டு பழையதாகவும், அதைத் தாங்கும் இசைவுகள் முற்றிலும் அவருடையனவாகவும் ஒலிப்பதை ஆற்றங்கரையில் அமர்ந்து கேட்டேன். இரண்டும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்றே தெரியவில்லை. ஸ்வான்லியில் பட்ட அவதிக்கு அந்தச் சில நிமிடங்களே ஈடு செய்துவிட்டன.

உணவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆற்றுத்துறைக்கு அருகில் ஒரு பப்பில் ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் சாப்பிட்டேன். மெல்ல வெந்த ஆட்டிறைச்சி, மொறுமொறுப்பாகப் பொரிந்த உருளைக்கிழங்கு, குழம்பு ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும் யார்க்ஷயர் புட்டிங், காரமே இல்லாவிட்டாலும் நாவில் நிற்கும் புதினாச் சாறு. இங்கிலாந்து உணவு சப்பென்று இருக்கும் என்று சொல்பவர்கள் இதைச் சாப்பிடாதவர்கள். விலை 20 பவுண்டு என்பதால் அன்றிரவு உணவைக் கடையில் வாங்கிய ரொட்டியோடு முடித்துக்கொண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

1928இல் பணம் தீர்ந்து வார்லாக் ஏன்ஸ்ஃபோர்டு வீட்டை விட்டு, வேல்ஸில் தாயின் வீட்டுக்குப் போனார். 1929இல் டீலியஸ் இசைவிழாவை இசைக்குழு நடத்துநர் பீச்சமோடு சேர்ந்து நடத்தியபோது ஓரளவு ஊக்கம் திரும்பியது. அதன் பிறகு வேலை கிடைக்கவில்லை, பாடல்களும் வரவில்லை. அவருடைய சாவு தற்கொலையா விபத்தா என்பதை விசாரணையால் உறுதி செய்ய முடியவில்லை. தந்தை அடக்கம் செய்யப்பட்ட காடல்மிங் என்ற ஊரிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். வாட்டர்லூவிலிருந்து போர்ட்ஸ்மத் செல்லும் ரயிலில் அங்கே போகலாம். ஆனால் கையில் பணம் குறைவாக இருந்தால் அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவருடைய உழைப்பின் இடங்கள் லண்டனில்தான் உள்ளன. அவர் ஏடுகளைப் படியெடுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நுழைவு இலவசம். அங்கிருந்த நூல்கள் இப்போது செயின்ட் பாங்க்ரஸில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அதன் காட்சிக்கூடமும் இலவசம். பழங்கால இசைக்கருவிகளை மீண்டும் செய்து காட்டிய ஆர்னால்டு டால்மெட்ச் சேர்த்த கருவிகளை ஃபாரஸ்ட் ஹில்லில் உள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் காணலாம், அதற்கும் கட்டணமில்லை. லண்டன் பேருந்தில் ஒருமுறை கட்டணம் செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாறி ஏறலாம் என்பதால், இவற்றையெல்லாம் பேருந்திலேயே சுற்றிவிட்டு, ஏன்ஸ்ஃபோர்டுக்கு மட்டும் ரயில் ஓடும் ஒரு வேலைநாளில் போய் வாருங்கள்.