இசபெலா தீவில் இன்று

பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுகளிலேயே பெரியது இசபெலா. காலையில் சியரா நெக்ரா எரிமலை ஏறினோம். மேலே போனதும் கண்ணுக்கு முன்னால் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே கருப்புப் பள்ளம்! கடைசியாக 2018-ல் குமுறிய மலை. இன்னும் கொஞ்சம் நடந்து, அதே மலையில் உள்ள வோல்கான் சிக்கோ என்ற எரிமலைக் கூம்புப் பகுதிக்குப் போனால், பாறை இடுக்குகளில் கையை நீட்டும்போது இப்போதும் சூடு தெரிகிறது.

அப்புறம் மதியம் படகில் தின்தோரேராஸ் திட்டுகள். எனக்கு மலையைவிட இதுதான் பிடித்தது. எரிமலைப் பாறை நிறத்திலேயே கடல் இகுவானாக்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து வெயில் காய்கின்றன. கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் பல்லி உலகத்திலேயே இது ஒன்றுதான். உள்ளே போகும் உப்பை மூக்கு வழியாகப் பீச்சித் தள்ளுகிறது. தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். பக்கத்துப் பாறையில் பென்குயின்கள்! பூமத்திய ரேகையை ஒட்டி அவை பிழைத்திருக்கக் காரணம், இங்கே வந்து சேரும் குளிர்ந்த கடல் நீரோட்டங்கள்.

விலங்குகளிடமிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. பாதையை மறித்து ஓர் இகுவானா படுத்திருந்தது. அது எழுந்து போகும்வரை எல்லாரும் காத்திருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாளை ராட்சத ஆமைகளைப் பார்க்கப் போகிறோம்.