'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்ற கணக்கு

கல்லூரி மாணவர்களின் குடிப்பழக்கம் என்றதும் மருத்துவர் நினைவுக்கு வருவார், மனநல ஆலோசகர் நினைவுக்கு வருவார். சமூகவியலாளருக்கு அங்கே என்ன வேலை? அமெரிக்காவில் இதற்கு நல்ல பதில் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்குள்ள ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளின் சமூகவியல் பேராசிரியர் வெஸ்லி பெர்கின்ஸும் அவரோடு பணியாற்றிய ஆலன் பெர்கோவிட்ஸும் மாணவர்களிடம் இரண்டு கேள்விகளை அருகருகே வைத்தார்கள். குடிப்பதைப் பற்றி உன் கருத்து என்ன? இங்குள்ள மற்ற மாணவர்களின் கருத்து என்னவென்று நினைக்கிறாய்? 1986இல் முடிவு அச்சேறியது. பெரும்பாலோர் தங்களை மிதமானவர்கள் என்றார்கள், மற்றவர்கள்தான் மோசம் என்றார்கள். எல்லாருமே இப்படிச் சொன்னால் அந்த 'மற்றவர்கள்' யார்?

இந்தத் தப்புக்கணக்கு எப்படி வருகிறது என்பதில் மர்மம் இல்லை. சனிக்கிழமை இரவு விடுதி வராந்தாவில் ஒருவன் வாந்தி எடுத்தால் மாடி முழுக்கத் தெரியும். அதே மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய முப்பது பேரைப் பற்றி திங்கட்கிழமை யாரும் பேசுவதில்லை. பேச்சில் அடிபடுவதுதான் வழக்கமாகத் தோன்றும். வழக்கம் என்று தோன்றியதற்கு ஈடுகொடுக்கத்தான் முதலாண்டுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

ஆகவே இந்தத் தப்புக்கணக்கைத் திருத்தும் வேலையின் பாதி, கேள்வித்தாளில் இருக்கிறது. 'நீ அதிகம் குடிப்பாயா' என்று கேட்டால் பயனில்லை, அவரவர் அளவில் எல்லாரும் கொஞ்சமாகத்தான் குடிக்கிறார்கள். 'கடைசியாக விருந்துக்குப் போனபோது எத்தனை' என்று எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கைக்கும் அளவு சொல்ல வேண்டும். அமெரிக்கக் கணக்கில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம் சுத்த ஆல்கஹால்: 5 சதவீத பீர் 355 மில்லி, 12 சதவீத ஒயின் 148 மில்லி, 40 சதவீதச் சாராயம் 44 மில்லி. வெறும் கோப்பையைக் கொடுத்து ஒரு அளவு ஊற்றச் சொன்னால் மாணவர்கள் கூடுதலாகத்தான் ஊற்றுகிறார்கள். கோப்பை பெரிதாக ஆக இன்னும் கூடும். விருந்துகளில் புழங்கும் பெரிய பிளாஸ்டிக் கோப்பையில் 'மூன்று' என்று எழுதுகிறவன் உண்மையில் ஐந்தை எட்டியிருக்கலாம். பிறகு சராசரியைப் போடாதீர்கள், இடைநிலை எண்ணை எடுங்கள்; பதில்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் எண் அது. பதினைந்து குடிக்கும் நாலு பேர் சராசரியை மேலே இழுத்துவிடுவார்கள், அது யாருடைய பழக்கமாகவும் இருக்காது.

மறுபாதி, அந்த எண்ணை மாணவர்களுக்கே திரும்பச் சொல்வது. நார்தர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹெய்ன்ஸ் இதைச் சுவரொட்டியாகவும் வளாகப் பத்திரிகை விளம்பரமாகவும் ஆக்கினார். பயமுறுத்தல் இல்லை, நொறுங்கிய கார் படம் இல்லை. சுவரொட்டியில் எத்தனை பேரிடம், எப்போது கேட்டது என்பதைக் கீழே அச்சிடாவிட்டால் 'சும்மா ரீல் விடுறாங்க' என்ற ஒரே வார்த்தையில் கதை முடிந்துவிடும். இந்த அவநம்பிக்கைக்கு சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அழகான மருந்து கண்டார்கள். வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, இரவில் விடுதிக்குத் திரும்புகிறவர்களை மூச்சுக் கருவியில் ஊதச் சொன்னார்கள். வியாழன், வெள்ளி, சனி இரவுகளிலும் மூவரில் இருவருக்கு 0.00, அதாவது ஆல்கஹாலே இல்லை என்று காட்டியது. அந்த 0.00தான் பிறகு பிரச்சார வாசகம் ஆனது.

தவறும் இடங்கள் பல. 'பெரும்பாலோர் நான்குக்குள்' என்ற வாசகம் குடிக்காதவனுக்கு 'நான்கு வரை பரவாயில்லை' என்று கேட்கக்கூடும். பூஜ்யத்தையும் சேர்த்து '0 முதல் 4' என்று எழுதுவது அதற்காகத்தான். மாணவர் சங்க விடுதி ஒன்றில் பெரும்பாலோர் உண்மையிலேயே மிதமிஞ்சிக் குடிப்பவர்களாக இருந்தால், அங்கே அவர்களுடைய எண்ணைச் சொல்வது எரிகிற அடுப்பில் நெய் விடுவது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் உறுத்தல். பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் இந்த அணுகுமுறைக்குத் தாராளமாக நிதி கொடுத்தது. விலையையும் கடை நேரத்தையும் தொடாத ஒரு தடுப்புமுறை பீர்க்காரருக்குப் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 2003இல் பல கல்லூரிகளை ஒப்பிட்டு, இந்தப் பிரச்சாரங்களால் குடி குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார். அடுத்து ஆய்வாளர் வில்லியம் டிஜாங்கின் குழு 18 கல்லூரிகளைப் பிரச்சாரம் நடப்பவை, நடக்காதவை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. 2006இல் வந்த முடிவு சாதகம். அதே சோதனையை 14 கல்லூரிகளில் திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. முதல் முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவது இத்துறையின் கெட்ட பழக்கம். இரண்டையும் சேர்த்து அலசியபோது ஒரு துப்பு கிடைத்தது: வளாகத்தைச் சுற்றி மதுக்கடைகள் குறைவாக இருந்த கல்லூரிகளில் பிரச்சாரம் வேலை செய்தது, கடைகள் நெருக்கமாக இருந்த இடங்களில் எடுபடவில்லை. ஆகவே சுவரொட்டி அடிக்கக் கொடுப்பதற்கு முன், கல்லூரி வாசலிலிருந்து நடந்துபோய்க் கடைகளை எண்ணிவிட்டு வரலாம்.